மூன்று வேட்டு

"துப்பாக்கி மரியாதை சண்டை போடற ஆபீசருக்குத்தான், மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ். நர்சுக்குக் கிடையாது."

மைசூர் ராணுவ முகாமின் நிர்வாகத்தைக் கவனிக்கும் அட்ஜுடன்ட், கேப்டன் பசவராஜ், நாற்காலியைக் காட்டினார். ஸ்டானிஸ்லாஸ் உட்காரவில்லை.

அன்று காலையும் அவன் வழக்கம்போல் எழுந்தான். முகம் மழித்தான். காபி போட்டுக் குடித்தான். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு மனைவியின் யூனிஃபார்மைத் தேய்த்தான். தோள்பட்டையில் மூன்று நட்சத்திரங்களைக் குத்தினான். தேவராஜ மொஹல்லாவிலிருந்து சைக்கிளில் வந்து அதை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தான்.

அவன் மனைவி, ராணுவ நர்சிங் பிரிவின் கேப்டன் செலின், முந்தின நாள் இறந்துபோனாள். வார்டில் ஒட்டிக்கொண்ட டைபாய்டு. இன்று சாயங்காலம் அடக்கம்.

"நர்ஸ் இல்ல சார். கேப்டன்."

"நோடி, இங்க பாருங்க, அது கௌரவத்துக்குக் குடுத்த ரேங்க். சிப்பாய்ங்கள நடத்திட்டுப் போற அதிகாரம் அவங்களுக்கு உண்டா? இல்ல. அப்புறம் சிப்பாய் எதுக்குத் துப்பாக்கி தூக்கணும்?"

"உங்களுக்கு எப்ப கேப்டன் குடுத்தாங்க?"

"நாப்பத்தெட்டுல."

"அவளுக்கு நாப்பத்தாறுல. ஒரே வரிசையில நின்னா அவ உங்களுக்கு முன்னால நிக்கணும்."

பசவராஜின் மீசை லேசாக அசைந்தது. "காலேஜ் வாத்தியார்கிட்ட வாய் குடுத்தது என் தப்பு. முன்னால நிக்கட்டும் ஸ்வாமி. ஆர்டர் போட முடியாதே."

"போன மழைக்காலத்துல மலேரியான்னு அவ வார்டுல படுத்திருந்தீங்க. தலையணைக்கு அடியில சிகரெட் வெச்சிருந்தீங்களாம்."

"அத வீட்ல வேற சொன்னாங்களா?"

"'எடுங்க'ன்னு அவ சொன்னா. எடுத்துக் குடுத்தீங்க. அது ஆர்டரா இல்லையா?"

"அது வார்டுக்குள்ள."

"அவ செத்ததும் வார்டுக்குள்ளதான் சார்."

பசவராஜ் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். குரல் தணிந்தது.

"உண்மையச் சொல்லுங்க. மூணு வேட்டு போட்டா போனவங்க திரும்பியா வரப்போறாங்க?"

"வரமாட்டா. ஆனா அவ கேப்டன்னு நீங்க ஒத்துக்கணும். அவகூட வேலை பார்த்த பொண்ணுங்க இன்னும் அதே வார்டுலதான் இருக்காங்க. நாளைக்கு அவங்க ஒண்ணு சொன்னா உங்க ஆளுங்க கேக்கணும்."

பசவராஜ் டெலிபோனை எடுத்தார். கர்னல் கிடைத்தார்.

"ஆமா சார், நர்சிங் ஆபீசர்தான். கேப்டன் சார். எனக்கே சீனியர்." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "ஆமா சார். எனக்கே சீனியர்தான்."

போனை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"பெட்டி மேல கொடி. தூக்கறதுக்கு ஆபீசருங்க. கல்லறையில மூணு வேட்டு. எந்தக் கேப்டனுக்கும் உள்ளது எல்லாம் உண்டு. திருப்திதானே?"

"ரொம்ப நன்றி சார். கொடி இருக்கட்டும். வேட்டு வேண்டாம்."

பசவராஜ் அப்படியே நின்றார். "என்ன ஸ்வாமி இது? அதுக்குத்தானே இவ்வளவு நேரம் என்கிட்ட மல்லுக்கு நின்னீங்க?"

"கிடையாதுன்னு நீங்க சொல்லக் கூடாது சார். வேண்டாம்னு நான் சொல்லலாம்."

"சரி, ஏன் வேண்டாம்?"

ஸ்டானிஸ்லாஸ் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டித்தான் கல்லறைத் தோட்டம். நேற்று கட்டிலருகே அவன் வாய்விட்டு அழுதபோது, கண்ணைத் திறக்காமலே அவள் போட்ட கடைசி ஆர்டரை அவன் அப்படியே சொன்னான்.

"மெல்ல அழுங்க. பன்னெண்டாம் பெட்காரர் இப்பதான் கண் அசந்தார்."