துவரையின் அடியில் ஒரு செம்பு நீர்

புரட்டாசியின் விடியல்கள் வறண்டு வந்தன. மேகங்கள் திரண்டும், யாருடைய அனுமதிக்கோ காத்திருப்பனபோல் ஒரு துளியும் சிந்தாமல் கடந்தன. செம்மண் வாய்பிளந்து மௌனமாய் இறைஞ்சியது.

ஒரே வயலில் கேழ்வரகு வரிசைகள் மாசிலாமணிக்கும், இடையிட்ட துவரை வரிசைகள் அவர் தங்கை செண்பகவடிவுக்கும் பாகமாகியிருந்தன. கேழ்வரகு வாடியது, துவரையோ பசுமையாய் நின்றது.

"உன் துவரை என் தண்ணியத் திருடுது. இன்னிக்கே எல்லாத்தையும் பிடுங்கப்போறேன்," என்றார் மாசிலாமணி, மண்வெட்டியோடு.

"பிடுங்குங்கண்ணே. அதுக்கு முன்னால திருடனைக் கையும் களவுமாப் பார்த்துக்குங்க," என்று அவள், மண்ணுக்கடியில் வேர்களைக் காட்டும் வேர்க்கண்ணாடியை நீட்டினாள்.

அதை அணிந்து குனிந்தார். மண் பளிங்காய்த் தெளிந்தது. துவரையின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தை மேலே கொணர்ந்து, பக்கவேர்களின் வழியே கசியவிட்டது. அந்தக் கசிவைச் சுற்றியே கேழ்வரகின் வேர்கள் உயிரோடு பின்னிக்கிடந்தன.

வரப்போரத்து வரிசையில் மட்டும் அவை கருகியிருந்தன.

"இங்க ஏன் இப்படி?"

"போன வாரம் எனக்குத் தெரியாமப் பிடுங்கினீங்களே, என் துவரை நின்ன இடம் அதுதான்."

மாசிலாமணி மண்வெட்டியைக் கீழே கிடத்தினார். வரப்புப் பிள்ளையாருக்கென்று கொணர்ந்த செம்பு நீரில் பாதியைத் துவரையின் அடியில் வார்த்து, கைகூப்பி, கண்மூடி நின்றார். பிறகு ஈரம் காயாத கையைத் தங்கையின் தலைமேல் வைத்தார்.

"தழைச்சு நில்லும்மா. உன் நிழல்ல நாங்களும் பிழைச்சுக்கிறோம்."