திருக்கைவால்

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்குச் சட்டை கிழிந்தது. மூன்றாவதை ஜசிந்தா பார்க்கவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கையை நீட்டடா! ரெண்டு கையையும் நீட்டு!"

இன்னாசித்தம்பி உபதேசியாரின் கையில் இருந்தது காய்ந்த திருக்கைமீன் வால். கட்டறுத்துக்கொண்டு ஓடுகிற மாடுகூட அதைக் கண்டால் திரும்பி வந்துவிடும். கோயிலில் ஞானப்பாடம் படிக்க வந்த பெடியனை அதனால் விளாசுகிற மனுசனை என்னவென்று சொல்வது?

அப்போ பெட்டிசம் பொய்யில்லை என்று ஜசிந்தாவுக்கு விளங்கிவிட்டது. 'உபதேசியார் பிள்ளையளை அடிச்சே கொல்லுறார்' என்று யாரோ ஒரு தாய் எழுதிப்போட, போய்ப் பார்த்து வரும்படி பங்குச் சுவாமிதான் அவளை அனுப்பியிருந்தார். அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இருந்தது உபதேசியாரின் இருபது வருசத்து வேலை.

வெறுங்கையோடு போகவேண்டாம் என்று, உறுதிபூசுதலுக்குப் படிக்கிற பதினெட்டுப் பேருக்கும் அந்தோனியார் படம் எண்ணிக் கொடுத்துவிட்டிருந்தார் சுவாமி. வேலணையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த களை ஆறுமுன்னமே ஆளுக்கொன்றாகக் கொடுத்து முடித்துவிட்டாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

பாடம் நல்லாய்த்தான் தொடங்கியது. கரும்பலகையில் எட்டாம் கற்பனை: 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.'

"நான் பிறந்ததுக்கு ஒரு பொய் சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார் உபதேசியார். அந்த நேரம் பார்த்துத்தான் கடற்பக்கக் கதவால் இந்தப் பெடியன் உள்ளே வந்தான். காற்சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. கடைசி வாங்குப் பலகையில் போய்க் குந்தினான்.

உபதேசியார் அவனைப் பார்த்தார். யன்னலால் வெளியே ஒருக்கால் எட்டிப் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து வாலை எடுத்தார்.

கடலில் கும்மாளம் அடித்துவிட்டுப் பிந்தி வந்ததற்கு இப்படியுமா அடிப்பார்கள்?

"எட்டாம் கற்பனை என்ன? சொல்லடா!"

பெடியன் முழித்தான். சுளீர் என்றது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் பிய்ந்து இரத்தம் சீமெந்தில் சொட்டியது. மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

"நிப்பாட்டுங்கோ உபதேசியார்!" ஜசிந்தா எழும்பிவிட்டாள்.

"இரும் பிள்ளை!" என்று அவர் கத்திய கத்தலில் அவள் திரும்ப வாங்கில் விழுந்தாள்.

அப்போது முன்வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆமிக்காரர் ஏழெட்டுப் பேர், துவக்கும் கையுமாக. ஆமி தீவில் இறங்கி, வெறும் வளவுகளைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்துக் குடியிருந்த தொண்ணூற்றோராம் ஆண்டு அது. துவக்கைக் கண்டதும் பிள்ளைகள் வாங்கோடு ஒட்டிக்கொண்டார்கள்.

உபதேசியாரின் கை மட்டும் நிற்கவில்லை. இன்னொன்று விழுந்தது. அதற்கு மேல் இன்னொன்று.

"ஏய் ஐயா! என்ன இது? யாரு இவன்?" பெரியவன் போலிருந்தவன் அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"நீங்களே கேட்டுப் பாருங்கோ ஐயா! பத்துக் கற்பனையிலை ஒண்டெண்டாலும் தெரியுமோ எண்டு. ஒரு மண்ணும் தெரியாமல் கோயிலுக்கை வந்து குந்தியிருக்கிறான். இவனை அடிக்காமல் கொஞ்சச் சொல்லுறியளோ?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவன் சிரிக்கவில்லை.

"ஆம்பிளைப் பிள்ளை எல்லாம் கை காட்டு!"

பெடியன்கள் அந்தோனியார் படங்களை மடியில் வைத்துவிட்டுக் கைகளை நீட்டினார்கள். அவன் ஒவ்வொரு கையாகப் புரட்டி, முழங்கை மடிப்புவரை தடவிப் பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியாக அடிவாங்கியவன். அவனுடைய இரண்டு கையிலும் பார்ப்பதற்கு ஓர் இடம் மிச்சமில்லை. எல்லாம் இரத்தம்.

பெரியவன் முகத்தைச் சுளித்தான். "போதும் ஐயா. இவன் செத்துப் போகும்."

"நீங்கள் சொன்னால் விடுறன்."

அவர்கள் போனார்கள். ட்ரக் சத்தம் தேய்ந்து மறையும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு ஜசிந்தா பாய்ந்துபோய் வாலைப் பறித்து மூலையில் எறிந்தாள்.

"ஆமிக்காரனுக்கே இரக்கம் வந்திட்டுது, உங்களுக்கு வரேல்லை! இண்டைக்கே சுவாமியிட்டைச் சொல்லி உங்களை நிப்பாட்டுவிக்கிறன். வேதம் படிப்பிக்கிற ஆள் செய்யிற வேலையே இது?"

உபதேசியார் பெடியனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுத் தன் சால்வையால் அவன் கையைத் துடைத்தார். அறுபது வயது மனுசன் சத்தமில்லாமல் அழுதார்.

துடைத்த இடத்தில், வால் பட்ட தடிப்புகளுக்கு அடியில், அடிக்கு முன்னமே பட்ட கிழிசல் ஒன்று நீளமாய்த் தெரிந்தது. அதன் ஓரமெல்லாம் இரும்புக் கறள். திருக்கைவாலில் எங்கே கறள் இருக்கிறது என்று ஜசிந்தா திகைத்தாள். உபதேசியார் நகத்தால் கிள்ளி, சதைக்குள் முறிந்து நின்ற கம்பி முள் ஒன்றை வெளியே எடுத்தார்.

எடுத்துவிட்டு, அவன் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"தம்பி, உம்மடை பேர் என்ன?"