தாமத நோட்டு

"அங்க பாருடி, அலாரம் வருது!"

பட்டன் தைக்கிற அக்கா முழங்கையால் இடித்ததும் பட்டனுக்குத் துளை தைக்கிற காஜாக்காரி திரும்பிப் பார்த்தாள். இலவச சட்ட உதவி அறையின் வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தாள், அவர்களுடைய தையல் கம்பெனி சூப்பர்வைசர். எட்டு மணி அடித்தால் போதும், கேட்டை மறித்துக்கொண்டு கத்துவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

"முதலாளி அனுப்பியிருப்பான்க்கா, நாம என்ன பேசுறோம்னு மோப்பம் பிடிக்க."

அவர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டதற்குப் பதினோரு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான் முதலாளி. இந்த மாதமும் வாடகை தராவிட்டால் வீட்டைக் காலி பண்ணும்படி காஜாக்காரியிடம் வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியாகிவிட்டது. இடுப்பில் இருந்த பிள்ளை வேறு சிணுங்கியது.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த வக்கீலம்மா கையிலிருந்த கடிதத்தைத் தட்டினார்.

"நம்ம நோட்டீசுக்குப் பதில் வந்திருக்கு. நீங்க யாருன்னே அவருக்குத் தெரியாதாம்."

"அடப்பாவி! வாய் கூசாம சொல்றானே!" என்றாள் பட்டன் அக்கா.

"கோவம் அப்புறம் படலாம்மா. நீங்க அங்க வேலை பார்த்ததுக்கு ஆதாரம் வேணும். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு, ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க. சம்பளத்தைக் கையில குடுப்பான். பதிவேடு வெச்சா பின்னால வம்புன்னு வெக்கவே விடலை."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

அதற்குள் அலாரம் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"எதுக்கு வந்தீங்க?" காஜாக்காரி யாரையும் எதிர்த்துப் பேசி அறியாதவள். அன்றைக்கு என்னவோ வாய் திறந்துகொண்டது. "பிள்ளையைப் பக்கத்து வீட்டுல போட்டுட்டு ஏழே முக்காலுக்கே ஓடி வருவேன். அப்பவும் லேட்டுன்னு எழுதிக் கையெழுத்து வாங்குனீங்களே! உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"கேளுடி, நல்லாக் கேளு!" என்றாள் பட்டன் அக்கா.

அலாரம் பையிலிருந்து நான்கு தடி நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எண்ணெய்க் கறை படிந்த அட்டையில் பெரிய எழுத்தில் 'தாமதம்' என்று இருந்தது.

வக்கீலம்மா ஒன்றைப் பிரித்தார். இரண்டு பக்கம் புரட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தேதி. பேர். நேரம், எட்டு மணி ஒரு நிமிஷம். பக்கத்தில் அவரவர் கையெழுத்து. மறுநாளும் அதே பேர்கள், அதே எட்டு மணி ஒரு நிமிஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தின் அடியில், 'சோம்பேறிகள்! கண்டிக்கவும்' என்று எழுதி, முதலாளியின் கையெழுத்து, கம்பெனி முத்திரையோடு.

"அட! யாருன்னே தெரியாதவங்களை வாராவாரம் பேர் பேரா திட்டியிருக்காரே மனுஷன்!" வக்கீலம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இது போதும்மா. சம்பளம் வராம எங்க போகும்?"

காஜாக்காரி நோட்டை வாங்கிப் புரட்டினாள். நான்கு வருஷம். ஒருநாள் கூட விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு நாளும் பதினோரு பேருக்குக் கீழே பன்னிரண்டாவதாக இன்னொரு பேரும் இருந்தது. அலாரத்தின் பேர். அதற்கும் எட்டு மணி ஒரு நிமிஷம்தான்.

"நீங்களுமா லேட்டு? கேட்டைத் திறக்கிறதே நீங்கதானேக்கா?"

அலாரம் எட்டிப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்றது? நேரத்துக்கு வந்தவங்க பேரை எழுத முதலாளி நோட்டே தரலையே!"