வளைவு வரை

மோட்டார் சைக்கிளின் அடிப் போல்ட்டைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் தகரத் தட்டில் விழத் தொடங்கியது.

தோட்டத்து வேலையைக் கண்காணிக்கும் கண்டாக்கு நல்லமுத்து தன் வீட்டு வாசலில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொகவந்தலாவைக் குளிரில் எண்ணெய் இறுகிப்போகும். அதனால் இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூடாக்கிய பிறகுதான் கழற்றியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. தேயிலை மலையில் வேலை இல்லை. புது எண்ணெய் டின் வாசற்படியில் இருந்தது.

எண்ணெய் முழுதும் வடிந்து முடிகிற நேரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யாவும் அவன் பெண்சாதி அழகம்மாவும். அவள் தோளில், கம்பளி சுற்றிய பெண் பிள்ளை. இப்போதுதான் நடக்கப் பழகியிருந்த பிள்ளை.

"காய்ச்சல்ல மூச்சு இழுக்குதுங்க ஐயா. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்," என்றான் வீரய்யா.

தோட்டத்து லொறி அரிசி ஏற்ற அட்டனுக்குப் போயிருந்தது. தோட்டத் துரையின் கார் துரையோடு நுவரெலியாவில் இருந்தது. மிச்சமிருந்த வண்டி இந்த மோட்டார் சைக்கிள்தான். அதில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

நல்லமுத்து பதறி எழுந்தார். கால் தட்டி, கல்லின் மேல் வைத்திருந்த போல்ட் உருண்டது. முற்றத்து ஓரமாக ஓடிய மழைத்தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. ராத்திரி பெய்த மழையில் கான் நிறையச் சேறும் தண்ணீரும்.

யாரும் சொல்லாமலே வீரய்யா கானில் இறங்கிவிட்டான். முழங்கைவரை சேற்றுக்குள் விட்டுத் துழாவினான்.

நல்லமுத்து காய்ந்த தேயிலைக் குச்சி ஒன்றை எடுத்து, போல்ட் இருந்த ஓட்டைக்கு ஆப்பு சீவினார். அது பிளந்துபோனது. இன்னொன்று சீவினார். எண்ணெய்ப் பிசுக்கில் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கத்தி விரலைக் கிழித்தது. இந்த வேலையை நாளைக்குச் செய்திருந்தால் என்ன என்று மனம் அடித்துக்கொண்டது.

"உள்ள போயி அடுப்புக்கிட்ட உக்காரும்மா. பிள்ளைக்குக் குளிரும்."

அழகம்மா அசையவில்லை. கம்பளியைப் பிள்ளையின் முகத்தின் மேல் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். அவள் கண் கானில் கிடந்த புருசன் மேலேயே இருந்தது.

அவன் சேற்றை வாரி வாரி வெளியே போட்டான். இடையில் ஒரு தரம் நிமிர்ந்து, "இந்தா ஆச்சுடா கண்ணு, போயிரலாம்," என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான்.

மூன்றாவது ஆப்பும் உடைந்தபோது கானிலிருந்து அவன் குரல் கேட்டது.

"கெடச்சிருச்சுங்க ஐயா."

முகமெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக்குள் சிரித்தான். போல்ட்டைத் தன் சட்டையிலேயே துடைத்து நீட்டினான்.

நல்லமுத்து அதை முடுக்கினார். புனல் தேடப் பொறுமையில்லாமல் டின்னை அப்படியே சரித்தார். பாதி வெளியே வழிந்தது. உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது.

பின்னால் ஒருவர் உட்காரத்தான் இடம். ஏறும்வரை வாங்கிக்கொள்ளலாம் என்று வீரய்யா பிள்ளைக்குக் கை நீட்டினான். அழகம்மா கொடுக்கவில்லை. தோளோடு அணைத்தபடியே ஒருக்களித்து ஏறினாள்.

"நீ சந்திக்குப் போயி பஸ்ஸப் புடிச்சு வா. நான் கொண்டு சேத்துர்றேன்," என்றார் நல்லமுத்து.

வீரய்யா கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தான். பிறகு நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டான்.

அந்த ரோட்டில் நல்லமுத்து ஒருநாளும் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. சரளைக்கல் தெறித்தது. வளைவில் வண்டி சாய்ந்து திரும்பியது. லயம் மலைக்குப் பின்னால் மறைந்தது, ரோட்டில் நின்றவனும் மறைந்தான்.

"இனி மெதுவாவே போங்க ஐயா," என்றாள் அழகம்மா.

அவருக்கு விளங்கவில்லை.

"உங்க வாசல்ல வச்சே மூச்சு அடங்கிருச்சுங்க. அவரு கான்ல எறங்கித் தேடிக்கிட்டு இருந்தாரு. சொல்ல மனசு வரல."