தும்பியின் அம்மா

"அடையாளம் சொல்லுங்க. சொன்னாத்தான் பிள்ளையை அனுப்ப முடியும்" என்றாள் டீச்சர்.

எதிரே நின்ற பெண் எலும்பும் தோலுமாக இருந்தாள். "இடது காதுக்குப் பின்னால..." என்று ஆரம்பித்தவள், கதவருகே வந்து நின்ற சிறுமியைக் கண்டதும் நிறுத்தினாள். வைத்த கண் வாங்காமல் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"இல்ல... முட்டியில. வலது முட்டியில ஒரு தழும்பு."

தழும்பு இருக்கத்தான் செய்தது. குட்டைப் பாவாடைக்குக் கீழே ஊருக்கே தெரியும்படி இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லிவிடலாமே.

பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் அது. சண்டை வந்தபின் பெற்றோரைத் தொலைத்த பிள்ளைகளுக்கு வீடாகிவிட்டது. சண்டை ஓய்ந்த இந்த ஒரு மாதமாகத்தான் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் மாமா என்று சொல்லி ஒருவன் கூட்டிப்போன இரண்டு பையன்கள் இப்போது செங்கல் சூளையில் மண் சுமக்கிறார்களாம். அதைக் கேட்ட அன்று டீச்சர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

இவளையும் அப்படித் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? பதினொரு வயதுக்குள் பட்டது போதாதா? ஆற்றுக்கு அக்கரையிலிருந்த விடுதி குண்டு விழுந்து எரிந்தபோது தப்பி வந்தவள். பதிவேடும் எரிந்துபோனதால், பிள்ளைகள் வாயால் சொன்ன பெயர்களைத்தான் டீச்சர் புதிதாக எழுதிக்கொண்டாள்.

அக்கரையில் இவளுக்கு ஒரு தோழி இருந்தாளாம். ஒரே போர்வைக்குள் படுத்து இராத்திரியெல்லாம் குசுகுசுவென்று பேச்சாம். அந்தப் பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனது. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் இவள் வாயே திறக்கமாட்டாள்.

டீச்சர் சிறுமியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்கம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"தும்பி." சிறுமி பாவாடை நுனியைத் திருகினாள். "ஒரு இடத்துல உக்கார மாட்டேன்னு அந்தப் பேரு."

"வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"அபாயச் சங்கு ஊதினா அம்மா தையல் மெஷினை வேகவேகமா மிதிப்பாங்க. துணியே இருக்காது, சும்மா மிதிப்பாங்க. 'பாருடி, அவங்க சத்தத்தைவிட நம்ம சத்தம்தான் பெருசு'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் பயமே இருக்காது."

அந்தப் பெண் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"அது எனக்கும் என் பொண்ணுக்கும் மட்டும்தாங்க தெரியும்" என்று தேம்பினாள். "வேற யாருக்குமே தெரியாது."

டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெற்றவளையா சந்தேகப்பட்டோம்? பதிவேட்டைத் திருப்பிவைத்து, 'தாய்' என்ற இடத்தைக் காட்டினாள். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள்.

"இவளுக்கு இருமல் இருக்கு. வெந்நீர் குடுங்க. கஞ்சியோ கூழோ எதைக் குடுத்தாலும் சாப்பிட்டுடுவா, பாவம். அடம்பிடிக்கவே தெரியாது" என்றாள் டீச்சர், சிறுமியின் தலையைக் கோதியபடி.

சிறுமி டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என்னவோ சொல்ல வந்தவள்போல வாயெடுத்து, சொல்லாமலே போனாள்.

இருவரும் படியிறங்கிய பிறகுதான் ஆணியில் தொங்கிய கம்பளிச் சட்டை டீச்சர் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசல் கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் தரையில் மண்டியிட்டிருந்தாள். சிறுமி அவள் தோளில் முகம் புதைத்து ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். அவள் முதுகைத் தடவித் தடவி அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தது டீச்சர் காதில் விழுந்தது.

"பயப்படாத கண்ணு, உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன், நீ என்னோடதான் வர்ற. போற வழியில என் தும்பியைப் புதைச்ச இடத்தை மட்டும் காட்டுறியா?"