படிக்க முடியாவிட்டால் காலி

காலை ஆறு இருபது. ஒன்பது டயாலிசிஸ் இயந்திரங்கள், எட்டில் ஆள். திருமுக்கூடல் காசிநாதன் வரவேற்பு மேசையில் கையை ஊன்றி நின்றார்.

"ஏம்மா, போர்டுல ஒன்பது ஃபுல்லுன்னு காட்டிக்கினு இருக்குது. உள்ள பாரு, படுக்கை காலியா கிடக்குது."

"அது எப்பவும் அப்படித்தாங்க ஐயா," என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த அலமு.

"யாருக்குப் பிடிச்சு வெச்சிருக்கே? உங்க மாமியாருக்கா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். காசிநாதன் சிரிக்கவில்லை. மனைவி காமாட்சியம்மாளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இங்கே இடம் இல்லாததால் இரண்டு மாதமாக வேலூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் வருகிறார்.

நிர்வாகி கலியாணசுந்தரம் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"அவர் கேக்கறது நியாயம்பா முத்து. போர்டு உன்னோடதுதானே? என்னன்னு பாரு."

முத்துக்குமார் வேலைக்கு வந்து ஒரு வாரம். முன்பதிவு செய்யும் பழைய புரோகிராம் பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதியது. போர்டை இயக்கும் புதிய புரோகிராமை அவர் பைத்தான் என்ற இன்னொரு மொழியில் எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவே கேஷ் என்று ஒரு தற்காலிக நினைவகம். பழையது அதில் எழுதி வைக்கும், புதியது எடுத்துப் படிக்கும்.

"மத்த எட்டும் சரியா படிக்குது சார். ஒன்பதுக்கு மட்டும் குப்பையா வருது. மத்ததெல்லாம் அன்னன்னிக்கு அழிஞ்சிடும், இதுக்கு மட்டும் காலாவதியே போடலை. முன்னாடி யாரு இருந்தது?"

"ஜெபகுமார்னு ஒருத்தன். போன வருஷம் போயிட்டான். ஒன்பதைப் பத்திக் கேட்டா, 'பக் சார், பாக்குறேன்'னு சிரிப்பான். பார்த்ததே இல்லை."

"அரைகுறை வேலை சார்."

அலமு மெல்லச் சொன்னாள்: "சார், முன்பதிவு இல்லாம யாராவது மூச்சு வாங்கிக்கினு வந்தா அதுலதான் போடுவோம். இருந்துட்டுப் போகட்டுமே."

"ஒரு தப்பை நம்பியா ஆஸ்பத்திரி நடத்துறீங்க?" என்றார் முத்துக்குமார். " வெளியே இடம் கிடைக்காம நாற்பத்திரண்டு பேர் காத்துக்கினு இருக்காங்கம்மா."



முத்துக்குமார் அந்தக் குப்பையை ஒரு கோப்பில் நகலெடுத்து வைத்தார். பிறகு தன் புரோகிராமில் ஒரே ஒரு வரியைத் திருத்தினார். 'படிக்க முடியாவிட்டால் நிரம்பியது' என்று இருந்தது, 'படிக்க முடியாவிட்டால் காலி' என்று ஆனது.

ஏழு மணிக்குப் போர்டில் ஒன்பது பச்சையாக மாறியது. மாலைக்குள் அதில் முறைவைத்து ஆறு பேருக்கு நிரந்தர இடம் கிடைத்தது. முதல் பெயர் காமாட்சியம்மாள். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை.

"நீ நல்லா இருக்கணும் தம்பி," என்றார் காசிநாதன். அடுத்த முறை வந்தபோது ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்தார்.

மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லை.

வைகாசி கருட சேவை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. விடியலில் பெருமாள் தெருவுக்கு வந்துவிட்டால் ஊருக்குள் வண்டி நுழைய முடியாது. காசிநாதனின் ஆட்டோவை ஊருக்கு வெளியே ஓரிக்கையிலேயே நிறுத்திவிட்டார்கள். மனைவியைக் கொஞ்ச தூரம் நடத்தி, கொஞ்ச தூரம் தூக்கி அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது பத்து. காமாட்சியம்மாளால் பேச முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது.

ஒன்பது படுக்கையிலும் ஆள்.

"ஒன்பது எங்களுதாச்சேம்மா?"

"அரை மணி வரலைன்னா போர்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்துடும் ஐயா."

"எப்பவும் ஒண்ணு காலியா இருக்குமே?"

அலமு போர்டைப் பார்த்தாள். காசிநாதனும் பார்த்தார்.

ஆக்சிஜன் வைத்தார்கள். படுத்திருந்த ஒருவரைப் பாதியில் இறக்கச் சொன்னார் டாக்டர். இறக்கி, குழாய்களை மாற்றி, இயந்திரத்தைச் சுத்தம் செய்ய நாற்பது நிமிடம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அதற்குத் தேவை இல்லாமல் போனது.

பிற்பகல் முத்துக்குமார் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். பைத்தானில் திறக்காததை பி.எச்.பி.யில் போட்டுப் பார்த்தார். உடனே திறந்தது.

பதிவில் கோளாறு இல்லை. பி.எச்.பி. சொற்களின் நீளத்தை பைட் என்னும் நினைவக அலகின் கணக்கில் குறிக்கும். அவருடைய புரோகிராம் எழுத்தை எண்ணியது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஓர் எழுத்துக்கே மூன்று பைட்டுக்குக் குறையாது. நோயாளிகள் எல்லாரையும் ஆங்கிலத்தில்தான் பதிந்திருந்தார்கள். இந்த ஒன்று தமிழில் இருந்தது.

பெயர்: இன்னும் வராதவர்.

ஊர்: எதுவானாலும்.

குறிப்பு: என் அம்மாவைக் கொண்டுவந்த அன்று ஒன்பதும் நிரம்பியிருந்தது. தயவுசெய்து இதை எடுத்துவிடாதீர்கள். ஜெபகுமார்.

கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இரண்டு முறை படித்தார்.

"பழையபடி வெச்சிடலாமா சார்?"

"ஒன்பதை நம்பி இப்ப அஞ்சு பேர் இருக்காங்க. யாரைப்பா இறக்கறது?"

இரண்டு நாள் கழித்து, 2025 மே 15, வியாழன், காலை ஏழு மணி. காமாட்சியம்மாள் வரவில்லை என்று குறித்துவிட்டு, போர்டு ஒன்பதாம் இடத்தை அடுத்த பெயருக்குக் கொடுத்தது.