உப்பு கரிக்கும் ஞாயிறு

"உப்பை அள்ளிக் கொட்டியிருக்கே மாலியா. மனுஷன் வாயில வைக்க முடியல."

தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன் ஓகாவைப் பாதியில் விட்டுத் தட்டைத் தள்ளினார் மாலியாவின் புருஷன் பெனியமினா. போதகரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில் மாலியாவுக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் நின்று விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மகள் ஃபிலெமு வேறு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அதற்கும் அப்பாவிடமிருந்து ஒரு முறைப்பு விழுந்தது.

பெரியவர்கள் எழுந்து போனதும், மாலியா அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். மீன், எலுமிச்சை, தேங்காய்ப்பால், உப்பு, எல்லாம் கச்சிதம். மிச்சத்தை ஃபிலெமுவின் பக்கம் நகர்த்தினாள். அண்ணன்மார் எல்லாரும் தின்று முடித்த பிறகு கடைசியாக உட்காருகிறவள் அவள்.

கல்யாணமான புதிதில் இந்த உப்புப் புராணம் கிடையாது. இப்போது நாக்கு செத்துப்போய்விட்டதா, இல்லை நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை மட்டம் தட்டினால்தான் சபை மூப்பருக்குச் சாப்பாடு செரிக்குமா? மாலியா பாத்திரங்களை ஆத்திரத்தோடு தேய்த்தாள்.

அந்த வாரமே வீட்டில் இன்னொரு பூகம்பம்.

ஃபிலெமுவுக்குப் படிப்பு ஏறவில்லை. ஒரே வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை ஞாயிறு அன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுத்திச் சபையில் வசனம் ஒப்பிப்பார்கள். போன வருஷம் இவள் பாதியில் மறந்து, அழுதுகொண்டே இறங்கினாள். இந்த வருஷம் தலைநகர் ஆபியாவிலிருந்து வந்திருக்கும் புது டீச்சர் லூயிசா, மனப்பாடமே வேண்டாம் என்றுவிட்டாளாம். வீட்டில் நீ என்ன வேலை செய்வாய் என்று கேட்டாளாம். பந்தியில் விசிறி வீசுவேன் என்று இவள் சொல்ல, வீசும்போது பார்ப்பதை எழுது, அதையே சபையில் படி என்றுவிட்டாள்.

ஒரு வரி எழுதுவதற்கு மூக்கால் அழுகிற பெண், இப்போது கூப்பிட்டாலும் எழுந்து வராமல் எழுதிக்கொண்டிருந்தாள். மாலியாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

விஷயம் பெனியமினாவின் காதுக்கு எட்டியது. பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவரும் அவர்தான். மாலியாவையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்.

"என் வீட்டுப் பந்தியில நடக்கிறதை ஊருக்குப் படிச்சுக் காட்டவாம்மா உன்னை இங்க அனுப்பிச்சாங்க?"

"ஃபிலெமுவே எழுதினது ஐயா. போதகர் படிச்சுப் பார்த்துட்டுச் சரின்னுட்டார்."

போதகர் சொன்னதை மூப்பர் மறுக்க முடியாது. அந்தக் கோபமும் சேர்ந்து டீச்சர் மேலேயே பாய்ந்தது.

"சரி, படிக்கட்டும். மூப்பர் வீட்டுப் பொண்ணு மிச்சத் தட்டுல சாப்பிடுதுன்னு ஊர் சிரிக்கட்டும். திங்கக்கிழமை கமிட்டி கூடும். நீ பெட்டியைக் கட்டிக்கோ."

"கட்டிக்கிறேன் ஐயா. வெள்ளை ஞாயிறு அன்னிக்கு நீங்க முன் வரிசையில உக்காருங்க. அது போதும்."

மாலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் பிள்ளை அழுதுகொண்டு இறங்கியபோது போகாத மானம், இப்போது எழுதினால் போய்விடுமா? பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"எம்பொண்ணு இப்பத்தான் பேனாவைப் பிடிச்சிருக்கா. அந்த டீச்சரை அனுப்பினீங்க, அப்புறம் உங்க ஓகாவுக்கு நீங்களே உப்புப் போட்டுக்குங்க."

அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

வெள்ளை ஞாயிறு வந்தது. ஃபிலெமு சபை முன்னால் நின்று காகிதத்தை விரித்தாள். இந்த முறை குரல் தடுமாறவில்லை.

"என் அப்பாவுக்கு ஓகா என்றால் உயிர். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு, உப்பு அதிகம் என்று அம்மாவைத் திட்டுவார். நான் விசிறிக்கொண்டே பார்ப்பேன். திட்டுவதற்கு முன்னால் அப்பா சட்டியை எட்டிப் பார்ப்பார். சட்டியில் நிறைய இருந்தால் அன்றைக்கு உப்பு சரியாக இருக்கும். சட்டி காலியான நாளில் மட்டும் உப்பு அதிகமாகிவிடும். அப்பா வைக்கிற மிச்சம் எனக்கு வரும். அம்மா, உங்கள் கையில் உப்பு கூடியதே இல்லை."

மாலியா திரும்பிப் பார்த்தாள். பெனியமினா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகையும் வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

"பிள்ளைக்கு வேணும்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்? இத்தனை நாள் என்னைத் திட்டித் தீர்த்தீங்களே."

"பெரியவங்க முன்னாடி எப்படிடி சொல்றது," என்றார் விசிறிக்குப் பின்னாலிருந்து.

வெளியே வந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர், டீச்சர் விஷயமாகத் திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்டார்.

"எந்தக் கூட்டம்?" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தார் பெனியமினா. "நல்ல டீச்சரை வச்சுக்கத் தெரியாத ஊருய்யா இது."

அன்றைக்கு மட்டும் பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. பெரியவர்கள் பரிமாறிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெனியமினா சட்டியைச் சாய்த்து, கடைசி ஓகாவை வழித்து மகளின் தட்டில் போட்டார். பிறகு விசிறியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.

ஃபிலெமு ருசித்துச் சாப்பிட்டாள். பாதியில் கையை நிறுத்தி, சட்டியை எட்டிப் பார்த்தாள். தட்டை மெல்ல அப்பாவின் பக்கம் தள்ளினாள்.

"என்னம்மா இது," என்றாள் முகத்தைச் சுளித்து. "உப்பை அள்ளிக் கொட்டியிருக்கீங்க."